பனி உருகி வயலுக்கு வரும் மாதம்

மாதா துணை

திருத்துறைப்பூண்டி,
22 பிப்ரவரி 2009, ஞாயிறு

அன்பு மகள் சான்ட்ராவுக்கு, சித்தி எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும், பக்கத்துத் தெருவில் ஃபிளோரா அத்தை வீட்டாரும், போன வாரம் கன்று ஈன்ற செவலைப் பசுவும் உட்பட இங்கே எல்லோரும் சுகம். பனிக்கு நடுவில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலைப் பூசையில் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எழுகிறேன். ஊர்க்கதையை எல்லாம் முதலில் எழுதிவிட்டு முக்கியமானதைத் தாளின் கடைசி மூலையில் இடுக்கி வைப்பேன் என்று நீ கேலி செய்வாய் அல்லவா, இந்தத் தடவை அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. நாங்கள் வருகிறோம். மே மாதம் வருகிறோம். உன் அப்பாவும்தான். வேளாங்கண்ணிக்கு நடந்து போனதைத் தவிர இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் வீட்டை விட்டுத் தங்காத மனிதர், விமானம் ஏறி ஜப்பானுக்கு, உன் பனிமலைக்கு வருகிறார். அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் என்பது நம் வீட்டில் பொதுக்கூட்டம் ஆகிவிட்டது. நீ கூப்பிடும் நேரம் தெரிந்து ஃபிளோரா அத்தை வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரை அழுத்திவிடுகிறார். நான் முகம் சுளித்தால், "ரகசியம் பேசணும்னா லெட்டர் எழுது அண்ணி, எங்க புள்ள குரலை நாங்களும் கேக்கணும்ல" என்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஊர்ச் செய்தி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மழையில் தண்ணீருக்குள் கிடந்த சம்பா பாதிக்கு மேல் தேறிவிட்டது, மேலத்தெருவில் பலருக்கு அதுவும் இல்லை. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து தாள்களுக்கு நடுவே பூவெடுக்கத் தயாராக நிற்கிறது. அத்தை மகன் ஜெரால்டுக்குப் பெண் முடிவாகிவிட்டது, ஈஸ்டர் கழித்துக் கல்யாணம், பெண் நாகப்பட்டினத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவன் பிரவுசிங் சென்டரில் இப்போது கம்ப்யூட்டரை விடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்க்கிறான். இந்த வாரம் சாம்பல் புதன் வருகிறது. தவக்காலம் தொடங்கும் முன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று இன்று பூசை முடிந்து வந்து நேராக உட்கார்ந்துவிட்டேன்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் மதியம், நான் நூலகத்தில் தனியாக இருக்கும் நேரம் பார்த்து நீ கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். எனக்கு மறக்காது. புத்தக அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே கேட்டேன். பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் கென்ஜி என்ற பையனைப் பற்றி நீ அதற்கு முன்பும் பேச்சோடு பேச்சாக இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தாய், நானும் தெரியாதவள் மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீ நேராகவே சொன்னாய். அவன் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறான், உனக்கும் மனசு இருக்கிறது, அவன் வீட்டிலும் தெரியும், ஆனால் அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் எதுவும் செய்யமாட்டேன் என்றாய். அதைவிடக் கனமான ஒன்றையும் என் தலையில் வைத்தாய். "போன்ல சொன்னா அப்பா முடியாதுன்னுதான் சொல்வாரு சித்தி, ஒருமுறை முடியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் மாத்திக்க மாட்டாரு. நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. வந்து பாக்கட்டும். எந்த மாசம் வந்தா அவரு மனசு எறங்கும்னு நீங்கதான் கணக்குப் போடணும்" என்றாய். அடுத்த வருஷம் மார்ச்சில் உன் ஓட்டல் ஒப்பந்தம் முடிகிறது, அங்கே இருப்பதா திரும்புவதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னாய். போனை வைத்த பிறகு ஒருவர் வந்து நாவல் கேட்டார், நான் பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து நான் இந்த ஒரே யோசனைதான். உன் ஊரை எப்போது பார்ப்பது நல்லது என்று நம் நூலகத்தில் இருக்கும் புத்தகம், ஜெரால்டு இணையத்தில் எடுத்துக் கொடுத்த தாள் என்று படிக்காதது பாக்கியில்லை. எதைப் படித்தாலும் குளிர்காலம்தான், ஜனவரி பிப்ரவரியில் மாவு போன்ற பனி என்றுதான் போட்டிருக்கிறது. அத்தையும் அதே கட்சி. "பனி ஊருக்குப் போயிட்டு பனியைப் பாக்காம வர்றது, கடலுக்குப் போயி காலை நனைக்காம வர்ற மாதிரி" என்று சொல்லி, அடுத்த ஜனவரிக்கு இப்போதே அப்பாவுக்கு ஒரு குரங்குக் குல்லா வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெரால்டு செர்ரிப் பூ பார்க்க ஏப்ரல் என்றான். ஏப்ரலில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரமும் உளுந்து எடுப்பும் அவன் கல்யாணமும் இருக்கிறது என்று நான் சொன்னதும் தன் கல்யாணம் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டான். ஆகஸ்டில் இங்கே விதைப்பு, அக்டோபரில் அங்கே மரமெல்லாம் சிவக்கும் என்றாய், ஆனால் இங்கே மழை தொடங்கும் மாதத்தில் அப்பா வயலை விட்டு அசையமாட்டார். அப்பாவோ எந்த மாதத்தைச் சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் கையில் வைத்திருந்தார். மே மாதம் என்று நான் ஒருமுறை சும்மா சொல்லிப் பார்த்தபோது ஜமாபந்தி, வாய்க்கால் வெட்டு, கோயில் திருவிழா என்று மூன்றையும் சேர்த்தே வைத்தார். நம் மாதா சப்பரத்தில் முன்பக்கத்து வலது தண்டு அவருடையது என்பதும், உன் அம்மா இறந்த வருஷம்கூட அவர் அதை வேறு தோளுக்கு விடவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

என் கணக்கு வேறாக இருந்தது. குளிர்காலத்தில் கூட்டிப்போனால் அந்த வெள்ளையைப் பார்த்து அப்பா வாயடைத்து நிற்பார், ஆள் மலைத்து நிற்கும்போது மெதுவாக விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதில் எனக்கும் ஒரு ஆசை இருந்தது, இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. பனி விழுவதைப் பற்றி எத்தனையோ புத்தகத்தில் படித்துவிட்டேன், அது சத்தமில்லாமல் விழும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சத்தமே இல்லாமல் வானத்திலிருந்து ஒன்று விழுவதை ஒரு தடவை நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு. அதனால் ஜனவரியே சிறந்தது என்று நான் முடிவு செய்ததில் என் பங்கும் இருந்தது என்று வைத்துக்கொள்.

இந்த நேரத்தில்தான் நீ நான்கு போட்டோ அனுப்பினாய். ஜெரால்டு கடையில் அவற்றைப் பார்க்க அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். முதல் படம் திறந்ததும் அத்தை, "ஆத்தாடி, வேதாரண்யத்து உப்பளம் கணக்கா இருக்கே" என்றார். கடையில் இருந்த மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அந்த வெள்ளையைப் பார்த்தா, அதற்கு நடுவில் தொப்பிக்குள் சிரிக்கும் உன்னைப் பார்த்தா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது படத்தில், மலை பின்னால் நிற்க நீ சாலையோரம் நிற்கிறாயே, அதில் அப்பா ஜெரால்டின் தோளைத் தட்டினார். "தம்பி, இதைப் பெரிசாக்கு. ஆளை இல்லடா, கீழ. அந்தத் தரையை." அவன் பெரிதாக்கினான். அப்பா மூக்கு கண்ணாடித் திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். "இது வரப்பு" என்றார். ஜெரால்டு சிரித்துக்கொண்டே, "மாமா, அது பனியில தெரியிற கோடு" என்றான். "கோடுதான். இந்தக் கோடு ஏன் இங்க திரும்பி அங்க போயி முட்டுது? இது வரப்பு. இதோ கருப்பா முளை முளையா நீட்டிக்கிட்டு இருக்கே, இது தாளு." "புல்லா இருக்கும் மாமா." "புல்லு என்னடா கயிறு புடிச்ச மாதிரி வரிசையாவா மொளைக்கும்? அறுத்த நெல்லுத் தாளுடா இது." அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே பனியைப் பாக்குது, இந்த அண்ணன் மட்டும் அதுக்கு அடியில மண்ணைத் தேடுது பாரு!" எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், ஆனால் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, "நெல்லு வெளையிற ஊருன்னு சொல்லவே இல்லியே இந்தப் புள்ள" என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உன் பக்கத்து அரைப்பங்குதான் தெரியும், இந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். வழக்கமாக 'சாப்பிட்டியா, ஜாக்கிரதை' என்பதோடு போனை என்னிடம் தந்துவிடும் அப்பா அன்றைக்கு அதைத் தரவே இல்லை. "அந்தப் போட்டோல வெள்ளையா கெடக்கே, அது யாரு வயலு?" என்று கேட்டார். நீ பதில் சொல்வதற்குள் நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தையும் விரலையும் பிரித்துப் பார்க்க மறந்துபோனேன், தழும்பு இன்னும் இருக்கிறது. "கென்ஜி வீட்டு வயலுப்பா" என்றாய். அத்தை, "அது யாருடி கென்ஜி?" என்று ஆரம்பிக்கும் முன்பே அப்பா, "தண்ணி எங்கேருந்து வருது?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு மூச்சு வந்தது. குளிர்காலம் முழுக்க மலையில் சேர்ந்து கிடக்கும் பனி ஏப்ரலில் உருகத் தொடங்கி வாய்க்காலில் இறங்கும் என்று நீ சொன்னாய். மலையடிவாரத்தில் முதல் வயல் அவர்களுடையது, மே மாதம் தண்ணீர் கட்டி இருபதாம் தேதிக்கு மேல் நடவு என்றாய். பனித்தண்ணீர் நேராகப் பாய்ந்தால் குளிரில் பயிர் வாடிவிடும் என்பதால், வயலுக்குப் போகும் முன் வெயிலில் காய்ந்து சூடேறட்டும் என்று வாய்க்காலை வளைத்து வளைத்து வெட்டியிருப்பதாகவும் சொன்னாய். அப்பா போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "கேட்டீங்களா? நாம தண்ணி வரலியே வரலியேன்னு வழியைப் பாத்துக்கிட்டு கெடக்கோம். அங்க, ஏன் இவ்வளவு வேகமா வர்றே, கொஞ்சம் நின்னு வான்னு தண்ணியைப் புடிச்சு நிறுத்துறாங்களாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்திலேயே பாதியில் நின்றுவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிட்டார், மாட்டைப் பார்த்தார், சாயங்காலம் ஆனால் தண்ணீர் இல்லாத மதகுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். எனக்குக் கலக்கமாகிவிட்டது. விஷயம் புரிந்துதான் இப்படி இருக்கிறாரா, புரியாமல் வேறு எதையோ நினைக்கிறாரா என்று தெரியவில்லை. நானே ஆரம்பித்தால் நீ பயந்தபடி அந்த ஒரு 'முடியாது' வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. உன்னிடமும் அடுத்த ஞாயிறு நான் சரியாகப் பேசவில்லை, கோபமோ என்று நீ நினைத்திருப்பாய், இதுதான் காரணம்.

இந்த வியாழக்கிழமை மதியம் நூலகத்துக்கு வந்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாசலில் சைக்கிளை நிறுத்திக் கூப்பிடுவாரே ஒழிய உள்ளே கால் வைத்ததில்லை. அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதைப் போல வந்து என் எதிரே வாசகர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஜப்பான் படம் இருக்கா?" என்று கேட்டார். பெரிய நிலப்பட நூலை எடுத்து விரித்தேன். உன் ஊர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். விரலை அதில் வைத்து, கடல் வரைக்கும் நீலக் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "பையன் பேரு என்ன சொன்னா? கென்ஜியா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "நாலு போட்டோலயும் செவப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் எங்கேயாவது நிக்கிறான். அத்தனை பேரும் பனியைப் பாத்துச் சிரிக்கிறாங்க, எம்பொண்ணு மட்டும் அவன் நிக்கிற பக்கம் பாத்துச் சிரிக்கிறா. நான் தாளை மட்டும்தான் பாத்தேன்னு நெனச்சீங்களா எல்லாரும்?" என்றார். சான்ட்ரா, நான் அந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்தேன், எனக்கு அது தெரியவில்லை, வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீ சொன்னது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன் என்று நீ சொன்னதை முதலில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். வேற்று மதம், வேற்று நாடு என்று அவர் ஆரம்பிப்பார், என்ன பதில் சொல்லலாம் என்று நான் உள்ளுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவரோ, "எப்ப போவலாங்குறே?" என்றார். நான் ஜனவரி என்றேன். பனி அழகு, எல்லோரும் அப்போதுதான் போவார்கள் என்று படித்ததை ஒப்பித்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அப்பா திருப்பனந்தாள்லேருந்து எங்க வீடு பாக்க வந்தது எந்த மாசம் தெரியுமா? மார்கழி. எங்கப்பாதான் சொல்லிவிட்டாரு, மார்கழியில வாங்க, குளிர்ச்சியா இருக்கும்னு. வந்து பாத்தாரு, எட்டின வரைக்கும் பச்சை. ஒக்காந்து காப்பி சாப்பிட்டுட்டு, சரின்னுட்டுப் போயிட்டாரு. அவரு ஆனியில வந்திருந்தாருன்னு வச்சுக்க, தண்ணி கடைசியா வந்து சேர்ற, வெடிச்சுக் கெடக்குற இந்தக் கடைமடையைப் பாத்துட்டுப் பொண்ணு குடுத்திருப்பாரா? உங்க அக்காவும் வந்திருக்க மாட்டா, நீயும் வந்திருக்க மாட்டே" என்றார். நானும் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத தந்திரம். "மாப்பிள்ளை வீடு பாக்கப் போறப்ப எது நல்ல மாசம்னு அவங்களைக் கேக்கக் கூடாது விண்ணரசி. பனி மூடிக் கெடக்குறப்ப போனா மேடு பள்ளம் தெரியுமா, மடை தெரியுமா? எல்லாம் வெள்ளையா, லட்சணமா இருக்கும். தண்ணி வர்ற நேரத்துல போவணும். மேயில போவோம்" என்றார்.

ஆக, உன் ஊருக்கு வர எது சிறந்த காலம் என்று நான் படித்ததெல்லாம் பனிச்சறுக்கு விளையாட வருபவர்களுக்கு. சம்பந்தம் பேச வருபவர்களுக்கு எது சிறந்த காலம் என்று ஒரு தாளிலும் போடவில்லை. யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வது எவ்வளவு சரி. கென்ஜியின் அப்பா குளிர்காலத்தில் மலையில் ஆட்களை மேலே ஏற்றும் தொங்கு நாற்காலி இயக்கும் வேலைக்குப் போய்விடுவார் என்றாய் அல்லவா. ஜனவரியில் நாங்கள் வந்தால் அவர் சீருடையோடு விசிலோடு நிற்பார், உன் அப்பா குரங்குக் குல்லாவில் நடுங்கிக்கொண்டு நிற்பார், இருவருக்கும் பேச என்ன இருக்கும்? மே மாதம் என்றால் இரண்டு பேரும் சேற்றில் நிற்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் வரப்பில் உடைப்பு எங்கே என்று இருவருக்கும் தெரியும்.

எழுந்து போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் இன்னொன்று சொன்னார். "நான் இன்னும் சரின்னு சொல்லல, அவகிட்ட அப்படி எழுதிடாதே. போயிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். ஆனா பொறந்ததுலேருந்து கடைசித் தண்ணியே குடிச்சு வளந்த புள்ள. தலைமடைக்கு வாக்கப்பட்டா தேவலைதான்." சைக்கிள் போய் வெகு நேரம் கழித்துத்தான் நான் நிலப்பட நூலை மூடினேன். எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

இதெல்லாம் வாய்ப்பேச்சாகப் போய்விடுமோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. நேற்று அத்தை வந்து அதையும் தீர்த்துவைத்தார். கோயில் சபைக் கூட்டத்தில் அப்பா எழுந்து, இந்த வருஷம் திருவிழாவுக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன், முன் தண்டை ஜெரால்டு தோளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வெளியூர்ல ஒரு வயலு பாக்க வேண்டியிருக்கு" என்றாராம். அத்தைக்கு இதைக் கேட்டுத் தலை வெடிக்காத குறை. "ஏன் அண்ணி, அண்ணன் ஜப்பான்ல குத்தகைக்கு நெலம் எடுக்கப் போவுதா?" என்று என்னைக் குடைந்தெடுத்துவிட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நேற்றிலிருந்து வீடு வீடாக இல்லை. கடைத்தெருவில் வாங்கி வந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அப்பா களத்தில் நடந்து பழகுகிறார், செவலை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. ஒரு படி விதைநெல் கொண்டு போகலாமா என்று கேட்டார், விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீ எப்போதோ சொன்னதைச் சொன்னேன். சரி, அந்த மனிதருக்கு ஒரு பட்டுக்கரை வேட்டி எடுப்போம், வேட்டிக்கு அளவு கேட்க வேண்டியதில்லை என்றார். நீ செய்ய வேண்டியதும் சில உண்டு. மே முதல் வாரம் அங்கே விடுமுறைக் கூட்டம் என்றாயே, அது கலைந்த பிறகு நாங்கள் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் பார். விசாவுக்கு உன் ஓட்டல் தர வேண்டிய தாள்களை மார்ச்சுக்குள் அனுப்பு. அப்பா மதத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார், கென்ஜி என்ன நினைக்கிறானோ அதை அப்படியே சொல்லட்டும், அவரை மகிழ்விக்க என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவேண்டாம், அவருக்குத் தெரிந்துவிடும். எல்லோரும் துணியில்லாமல் சேர்ந்து குளிக்கும் வெந்நீர்க் குளம் உன் ஊரில் பிரசித்தம் என்று படித்தேன், தயவுசெய்து அப்பாவை அந்தப் பக்கம் கூட்டிப்போகாதே, இதுவரை நடந்ததெல்லாம் வீணாகிவிடும். அவர்கள் வயலில் இறங்கச் சொன்னால் தடுக்காதே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார், ஷூவைப் பத்திரமாக எடுத்து வை.

எனக்குப் பனி விழுவதைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று வருந்தாதே. மலையுச்சியில் மே மாதமும் பனி கிடக்கும், கம்பி வண்டியில் ஏறிப்போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்று நீ சொன்னது போதும். விழுவதைக் கேட்க வேறொரு சமயம் வரும். உனக்குத் துணைக்கு ஒரு பெண் கட்டாயம் வேண்டியிருக்கும் நாள் ஒன்று வரும், அது குளிர்காலத்தில் வரட்டும் என்று மாதாவிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன். உன் அம்மா இருந்திருந்தால் அவள்தான் அதற்கு வந்திருப்பாள். அவள் சார்பில் நான் பெட்டி கட்டுவேன்.

உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, மாதாவின் கைக்குள் உன்னை வைத்து இதை முடிக்கிறேன். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. கென்ஜிக்கும் அவன் வீட்டாருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல், அந்தச் சிவப்புச் சட்டையை மே மாதமும் போட்டுக்கொள்ளச் சொல், அப்பா தேடுவார்.

என்றும் உன் நலமே நினைக்கும்
சித்தி விண்ணரசி

கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அப்பா கேட்டார். எப்போதும் போல் 'ஆசீர்வாதம்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார் என்று விட்டேன். இது அவர் எழுதியது:

சான்ட்ராவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மலையில் எந்தத் தேதியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அந்தத் தம்பியின் அப்பாவைக் கேட்டு எழுதவும். அதற்கு முதல் நாளே நான் அங்கே இருக்க வேண்டும். இந்த வயது வரை தண்ணீர் வந்து சேருவதைத்தான் பார்த்திருக்கிறேன், திறப்பதைப் பார்த்ததில்லை.

கிளமென்ட்